ஐந்தாம் எண் யார் என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். சோதனைக்கூடத்து அட்டெண்டர் ஜெகந்நாதன் உள்ளே வந்து நின்றார். வழக்கமாகக் கையில் இருக்கும் ரிப்போர்ட் கட்டு அன்று இல்லை. "அம்மா பூட்டாங்க சார்," என்றார். எந்த அம்மா என்று கேட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அடைமொழி இல்லாமல் அம்மா என்றால் ஒருவர்தான் என்பது தெரிந்தும் கேட்டேன். டாக்டர் சவேரியம்மாள் அன்று அதிகாலை பூசைக்குப் புறப்பட்டு, ராயபுரத்தில் தன் வீட்டு வாசற்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட நிறையவில்லை அவருக்கு.

எதிரே ஒரு நோயாளி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வெளியே வந்து நடந்தேன். நூறு தடவை போன வீடு. அன்று கல்மண்டபம் வரை போய், தவறி வந்துவிட்டோம் என்று உணர்ந்து திரும்பினேன். வீட்டுக்குள் பத்து நிமிடம் நின்றேன், வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். அவருடைய தம்பி என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை.

நம் சங்கத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். இதுவரை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அவர் வாங்கிய பட்டங்கள், வகித்த பதவி, நோய்க்கூறு இயலில் அவருக்கு இருந்த கண்கூர்மை, இதையெல்லாம் அவருடன் பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே ஒரு பக்கத்துக்கு மேல் போகும். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் இருவரும் மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மகள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவரின் மகன். படிப்பு முடிந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் நான் கத்தி பிடிக்கப் போனேன். அவர் மைக்ராஸ்கோப்புக்குப் போனார். நான் வெட்டி எடுத்த கட்டிகள் ஜாடியில் அவரிடம் போகும். அவர் அவற்றை மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்து, இது புற்று, இது இல்லை என்று எழுதுவார்.

முதல் வருஷத்தில் ஒரு ஜாடியின் மேல் எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் அவரே அதைத் தூக்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு வந்துவிட்டார். "ரத்தினம், இது யாரு?" என்று கேட்டார். பன்னிரண்டாம் படுக்கை என்றேன். "படுக்கைக்குக் கட்டி வராது. ஆள் யாரு, என்ன வேலை, எங்க குடியிருக்கார்?" என்றார். லென்சில் பார்த்துச் சொல்வதற்கு விலாசம் எதற்கு என்று எரிந்து விழுந்தேன். அவர் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் வார்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன். எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாரும் ஆள். அந்தத் தகவலால் அவருடைய முடிவில் ஒன்றும் மாறவில்லை. அதைச் சொல்லிக் குத்திக் காட்டினேன். "மாறலைதான். ஆனா இப்ப உங்களுக்கு அவர் பேர் தெரியும் இல்ல?" என்றார். அன்று முழுவதும் அவர் மேல் எனக்குக் கோபம்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய சமயம். தண்டையார்பேட்டையிலிருந்து வண்டிக்காரர் ஒருவர் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு வீக்கத்தோடு வந்தார். துணுக்கு எடுத்து அனுப்பினேன். சவேரியம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். யாரோ தாடை எலும்பை மாற்றி வைத்துவிட்டார்களா என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். குழந்தைக்குப் பல் முளைப்பதற்கு முன் ஈறுக்குள் இருக்குமே, அந்த மாதிரித் திசு. அது ஒரு வண்டிக்காரரின் கால் எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு புற்று உண்டு என்று புத்தகத்தில் நான்கு வரி இருந்தது. மெதுவாக வளரும், நுரையீரலுக்குப் போகலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. காலை எடுப்பதா, கட்டியைச் சுரண்டுவதா, அந்த எலும்பை மட்டும் வெட்டி வேறு எலும்பை ஒட்டுவதா என்று எவருக்கும் தெரியாது. ஒரு சர்ஜன் தன் ஆயுளில் இரண்டைப் பார்த்தால் அதிகம்.

ஆகவே கடிதம் போட்டோம். நகரத்தின் தெற்குக் கோடியில் ஒரு சர்ஜன், கொழும்பில் ஒருவர், ரங்கூனில் ஒருவர், இங்கே நாங்கள் இருவர். ஸ்லைடுகள் சிகரெட் டின்னில் பஞ்சு சுற்றிக் கப்பல் டாக்டர்களின் கையில் வரும். எல்லா ஊர் ஸ்லைடுகளையும் பார்த்தவர் சவேரியம்மாள் ஒருவர்தான். புதிய டின் வந்த அன்று அவர் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார். ரங்கூன்காரரோடு அவருக்கு மூன்று வருஷம் தபாலிலேயே சண்டை நடந்தது. அவர் ஸ்லைடில் சாயம் அதிகம் என்று இவர் எழுதுவார்; சென்னை வெயிலில் உங்கள் கண் கெட்டுவிட்டது என்று அவர் பதில் எழுதுவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்தக் கூட்டு வேலையில் ஒரு விதியை நான் கொண்டுவந்தேன். நோயாளியின் பெயரையோ விலாசத்தையோ யாரும் யாருக்கும் எழுதக்கூடாது. எண் மட்டும் போதும். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒருமுறை என்னிடம் பாதி வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவர் தெற்குக் கோடி சர்ஜனிடம் போய்விட்டார். அந்த சர்ஜன் அவரைத் தன் நோயாளியாகவே எழுதிக்கொண்டார். எனக்கு வயிற்றெரிச்சல். வாடிக்கைக்காரர் பெயரைப் பக்கத்துக் கடைக்காரர் காதில் போடக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். மற்ற மூவரும் உடனே சம்மதித்தார்கள். அவர்களுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும். சவேரியம்மாள் மட்டும் வேண்டாம் என்றார். "இது ஆராய்ச்சியா, மண்டிக் கடையா? ஒரே ஆளை ரெண்டு பேர் எண்ணிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். இத்தனை அபூர்வமான நோயில் அப்படி நடக்காது என்றேன். அவர் விட்டுவிட்டார். பின்னாளில், அன்றைக்கு விட்டது தன் தப்பு என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூன்று வருஷத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பெரிய தாளில் அட்டவணை போட்டு என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். இரண்டாம் எண், கொழும்பு: துணுக்கு எடுத்தார்கள், தையல் பிரிப்பதற்குள் ஆள் ஓடிவிட்டான், தகவல் இல்லை. ஐந்தாம் எண், ரங்கூன்: கட்டியைச் சுரண்டினார்கள், ஒரு வருஷத்தில் திரும்ப வந்தது, அதற்குப் பிறகு தகவல் இல்லை. எட்டாம் எண், தெற்குக் கோடி: தொடையோடு காலை எடுத்தார்கள், நலமாக இருக்கிறார். மற்ற ஆறு பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சிலர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தகவல் இல்லாத இடங்களில் நான் பென்சிலால் 'இறந்திருக்கலாம்' என்று எழுதினேன். பிறகு அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதினேன். தாளைப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகத் தெரிந்தது: காலை எடுத்தால் பிழைக்கலாம், வைத்துக்கொண்டால் போய்விடுவார்கள். சீமையில் ஒரு பத்திரிகை அந்தக் கட்டுரையைப் போடுவதாக எழுதியிருந்தது. ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைத் தபாலில் அது போயாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கு முந்தைய வாரம்தான் நாகம்மா வந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையைத் தலையில் வைத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பவள். முப்பது வயது இருக்கும். புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். முழங்காலுக்குக் கீழே வீக்கம்; படியில் இடித்துக்கொண்டதாக நினைத்து எட்டு மாதம் வேப்பெண்ணெய் தடவியிருக்கிறாள். துணுக்கைப் பார்த்துவிட்டு சவேரியம்மாள் சனிக்கிழமை ஊர்ஜிதம் செய்தார். அதே புற்று. பத்தாவது ஆள்.

எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது. ஒன்பதைவிடப் பத்து கட்டுரைக்கு அழகு. வியாழக்கிழமையே அவள் காலை எடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமைத் தபாலில் பத்தாவதையும் சேர்த்துவிடலாம். நாகம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவாள். "கால எடுத்துட்டா கூடையத் தூக்கிகினு எப்டி நடக்குறது?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "காலை எடுத்தவங்க உயிரோட இருக்காங்க. எடுக்காதவங்க யாரும் இல்லை," என்றேன். அவள் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எடுத்துடு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சவேரியம்மாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கட்டுரை போவதற்கு முன் எல்லா ஸ்லைடையும் கடைசியாக ஒருமுறை பார்த்தாராம். ரங்கூன் ஐந்தாம் எண்ணில், தழும்பேறிய சதைக்குள் ஒரு கறுப்புப் பட்டு நூல் இழை புதைந்திருக்கிறது. ரங்கூன்காரர் பட்டு நூலைத் தொடவே மாட்டார். உடம்பிலேயே கரையும் குடல் நூலால்தான் தைப்பேன் என்று பெருமையாக எழுதியவர். அப்படியானால் அவருக்கு முன் வேறு யாரோ அந்தக் காலைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். கொழும்பில் தையலோடு ஓடிப்போன ஆளாக இருக்கலாம் என்றார். அது மட்டுமில்லை, எட்டாம் எண்ணின் ஸ்லைடிலும் அதே மாதிரித் தழும்பு, அதே கறுப்பு இழை.

"அஞ்சாம் எண் யாரு, ரத்தினம்? மூணும் ஒரே ஆள்னா என்ன அர்த்தம் தெரியுதா? சுரண்டி, திரும்ப வந்து, அப்புறம்தான் காலை எடுத்தாங்க; அப்படியும் அந்த ஆள் உயிரோட இருக்கார். அப்ப முதல்லயே காலை எடுக்கணும்னு இல்ல. நாகம்மாவுக்கு எலும்பை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். திரும்ப வந்தா அப்ப காலை எடுக்கலாம். ரெண்டே நாள் குடுங்க, ஆளைக் கூட்டிக்கிட்டு வரேன்."

கறுப்புப் பட்டு எல்லா ஊரிலும் விற்கிறது என்றேன். ரங்கூன்காரர் ஒருநாள் குடல் நூல் தீர்ந்து பட்டு போட்டிருக்கலாம் என்றேன். அவர் சொன்னது சரியாக இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் குரலை உயர்த்தினேன். வியாழக்கிழமைதான், மாற்ற முடியாது என்று முடித்துவிட்டேன்.

அவர் தெற்குக் கோடி சர்ஜனுக்கு டெலிபோன் செய்து எட்டாம் எண்ணின் பெயரைக் கேட்டிருக்கிறார். அந்த சர்ஜன் என் விதியையே எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டார். உடனே சவேரியம்மாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அவருடைய யோசனை எனக்கெல்லாம் வந்திருக்காது. காலை இழந்தவர் எங்கே போவார்? ஊன்றுகோல் செய்யும் தச்சரிடம் போவார். மூன்று துறைமுகங்களில் காலைக் காட்டியவர் கப்பலில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். டிராமில் ஏறி ஒவ்வொரு பேட்டையாக இறங்கி, ஊன்றுகோல் செய்யும் தச்சுப் பட்டறைகளில் கேட்டிருக்கிறார்: கப்பலில் வேலை பார்த்த ஆள், இடது கால், தொடைவரை இல்லை. புதன்கிழமை முழுவதும் நடந்தார். வியாழக்கிழமை காலை கல்மண்டபத்தில் ஒரு தச்சர், அது நம்ம மஸ்தான் பாய்தான், காசிமேட்டில் டீக்கடை வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை எட்டு மணிக்கு நான் ஆபரேஷனை ஆரம்பித்தேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக. ஏன் முன்னதாக என்று நர்ஸ் கேட்டபோது வெயிலைக் காரணம் காட்டினேன்.

பதினொரு மணி இருக்கும். நான் அறையில் கட்டுரைத் தாளின் அட்டவணையில் பத்தாம் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. சவேரியம்மாள் வியர்த்து ஒழுக, கை ரிக்‌ஷாவில் மஸ்தான் பாயைக் கூட்டி வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். மேஜை மேலிருந்த தாளைப் பார்த்தார். "பாய், நடந்ததைச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லி அவரை உட்கார வைத்தார்.

மஸ்தான் பாய் கப்பலில் கரி தள்ளியவர். என் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொளும்புல ஒர்த்தன் குத்திப் பாத்தான். கால எடுக்கணும்னான், ராவோட ராவா கப்பல் ஏறிட்டேன். ரங்கூன்ல ஒர்த்தன் சொரண்டினான். மறுபடி வந்துச்சி. பேஜாராப் போய் இங்க வந்தா, அந்தாண்ட ஆஸ்பத்திரில ஒர்த்தன் அறுத்துட்டான். மூணு பேரும் அவன் அவன் பொஸ்தகத்துல எய்திக்கினான். எவனும் இன்னொர்த்தன் இன்னா பண்ணான்னு கேக்கல." முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "கேட்டாத் தானே சார் சொல்றது," என்றார். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. டீ கேட்டார். ஜெகந்நாதன் வாங்கி வந்து கொடுத்தார்.

நாங்கள் எல்லோரும் துறைமுகங்களில் உட்கார்ந்திருந்தவர்கள். அவரும் துறைமுகம் துறைமுகமாகப் பிழைத்தவர். ஒரே ஆள் எங்கள் கையில் திரும்பத் திரும்ப வருவார் என்பது ஒரு டீக்கடைக்காரருக்குக்கூடப் புரியும். எங்களுக்குப் புரியவில்லை.

அவர் போன பிறகு சவேரியம்மாள் அறையில் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நான் வார்டுக்குப் போய் நாகம்மாகிட்ட உட்கார்ந்து சொல்லியிருக்கணும். தெருவுக்குப் போயிட்டேன்," என்றார். பிறகு கட்டுரைத் தாளின் முதல் பக்கத்தை எடுத்து, ஐந்து பெயர்களில் தன் பெயரை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு வெளியே போனார்.

கட்டுரை வெள்ளிக்கிழமைத் தபாலில் போனது. ஆம், அனுப்பினேன். பத்து பேர் என்றே அனுப்பினேன். எட்டு பேர் என்று திருத்தினால் அட்டவணையின் முடிவு விழுந்துவிடும். முடிவு விழுந்தால் வியாழக்கிழமை காலை நான் செய்தது என்ன என்ற கேள்வி எழும். எலும்பை மட்டும் எடுத்திருந்தால் நாகம்மாவின் கால் நின்றிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நின்றிருக்கலாம். பார்ப்பதற்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை. அவளிடம் சொன்ன காரணமும் பொய்யாகிவிட்டது.

சவேரியம்மாள் மற்ற மூவருக்கும் தனித்தனியாக எழுதினார். கொழும்புக்காரர் கோபமாகப் பதில் போட்டார். தெற்குக் கோடி சர்ஜன், கட்டுரையில் முதல் பெயர் யாருடையதோ அவர் திருத்தட்டும் என்றார். முதல் பெயர் என்னுடையது. ரங்கூன்காரர் மட்டும் பட்டு நூல் விஷயத்தில் தன்னை நம்பியதற்கு நன்றி எழுதினார். அதன் பிறகு அங்கிருந்து கடிதம் வருவதே நின்றுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, எங்கோ இருந்த, முகம் தெரியாத ஒரு சர்ஜன் எனக்கு எழுதினார். உங்கள் அட்டவணையைப் பார்த்தபின் தயக்கமில்லாமல் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் காலை எடுத்தேன், நன்றி என்று. அதைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனேன். சவேரியம்மாள் படித்தார். "இவருக்காவது எழுதுங்க," என்றார். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எப்போதும்போல ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து யார் இது என்று சண்டை போட்டார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்த கேக்கை அனுப்பினார். அது செங்கல் மாதிரி இருக்கும். அதை நான் சொன்னால் உங்களுக்குப் பல் இல்லை என்பார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் குற்றத்தை யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நம்பினேன். அதற்காக அவரிடம் ரகசியமாக நன்றியோடு இருந்தேன்.

நாகம்மா கல்மண்டபம் முனையில் கருவாடு விற்க உட்கார்ந்தாள். சவேரியம்மாள் சனிக்கிழமைதோறும் அவளிடம் கருவாடு வாங்குவார். இரக்கத்தால் என்று எண்ணினேன். தை மாதந்தோறும் நாகம்மா நுரையீரல் படம் எடுத்துக்கொள்ள என்னிடம் வருவாள். அவளை வரிசையில் நிற்க விட மாட்டேன். நாற்காலி போடச் சொல்வேன். படம் நன்றாக இருக்கிறது என்பேன். அவள் உடனே எழுந்திருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த நோயாளியைக் கூப்பிடுவேன். அப்புறம்தான் போவாள். இப்படிப் பத்து வருஷம் ஓடிவிட்டது.

புதன்கிழமை அடக்கம். ராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஏகப்பட்ட கூட்டம்; டாக்டர்கள் குறைவு, யார் யார் பெயரை அவர் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாரோ, அந்த மனிதர்கள் அதிகம். மஸ்தான் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நாகம்மா ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் தாண்டிப் போய்விட்டேன். தெரு முனைவரை போனேன். திரும்பி வந்தேன்.

நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு அவளிடம் நான் சொன்னது உண்மை இல்லை என்று. அட்டவணையில் மூன்று பேராக இருந்தவர் ஒருவர் என்று. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம், அம்மா கேட்டார், நான் கொடுக்கவில்லை என்று. கட்டுரைக்காக அவசரப்பட்டேன் என்று. அந்தப் பத்தொன்பது வயதுப் பையனின் காலைப் பற்றியும் சொன்னேன். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அம்மா அன்னிக்கே சொல்ட்டாங்க," என்றாள். "கட்டுகூட அவுக்கல. பக்கத்துல குந்திகினு, ஒண்ணு வுடாம சொன்னாங்க. அளுதாங்க. நீ இன்னா பண்ணணும்னு தோணுதோ பண்ணு, நான் கூட நிக்கிறேன்னாங்க."

பிறகு ஏன் வருஷா வருஷம் என்னிடம் வந்தாய் என்று கேட்டேன்.

"படம் எடுக்கவா வந்தேன்? நீ எப்பச் சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். அவுரே சொல்லட்டும் நாகம்மான்னு அம்மா சொல்லிகினே இருந்தாங்க. அவங்க உசுரோட கீறப்பவே சொல்லிருக்கலாம் நீ." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நான் வரல."

அவள் கூட்டத்தோடு கல்மண்டபம் பக்கம் போனாள். நான் அங்கேயே நின்றேன்.

பத்து வருஷம் நான் நன்றியோடு இருந்தது, அவர் என் குற்றத்தை மூடி வைத்தார் என்பதற்காக. அப்படி எதுவும் நடக்கவே இல்லை. டாக்டர்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு அவசரம் இருக்கவில்லை. அந்தக் கால் யாருடையதோ அவளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார். ஒவ்வொரு தை மாதமும் நாகம்மா என் அறையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதை அவர் சனிக்கிழமைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். அதைத் தெரிந்துகொண்டு எப்படி எனக்குக் கேக் அனுப்பினார் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது.

சீமைப் பத்திரிகைக்கும், கொழும்புக்கும், தெற்குக் கோடிக்கும், அந்த முகம் தெரியாத சர்ஜனுக்கும் இந்த வாரம் எழுதிவிட்டேன். ரங்கூன் விலாசத்துக்கும் ஒன்று போட்டிருக்கிறேன். போய்ச் சேருமா தெரியாது. எல்லாக் கடிதத்திலும் எட்டு பேர் என்று எழுதியிருக்கிறேன். நானே தேடிப் போய்க் கேட்டேன்; மஸ்தான் பாயும் நாகம்மாவும் தங்கள் பெயரைப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டர் சவேரியம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதைத்தான். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. எனக்குப் பத்து வருஷமும், அவருடைய சாவும் தேவைப்பட்டன.